தனித்து இயங்கும் மென்பொருளாளர்: வேலையை விடும் முன்பும் விட்ட பின்பும் செய்ய வேண்டியவை

மென்பொருள் நிறுவனத்தில் நான்கைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர், இதே வேலையைத் தனியாகச் செய்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கும்போது, சுற்றியுள்ளவர்கள் இரண்டே வாதங்களை முன்வைப்பார்கள். நண்பர்கள் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டுப் பெரியவர்கள் மாதச் சம்பளத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டிலும் உண்மை இருந்தாலும், முடிவெடுக்க இவை போதா. சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கும் தனித்துத் தொழில் செய்வதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, காத்திருப்பின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தாலும் ஊழியருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் உடனே நின்றுவிடுவதில்லை. காய்ச்சலில் படுத்தால் விடுப்பு இருக்கிறது. உங்கள் உழைப்புக்காக நிறுவனம் வாடிக்கையாளரிடம் வாங்கும் தொகைக்கும் உங்கள் கைக்கு வரும் சம்பளத்துக்கும் இடையிலான பெரிய இடைவெளியில், இந்தக் காத்திருப்பையெல்லாம் தாங்குவதற்கான விலையும் அடங்கியிருக்கிறது. தனித்து இயங்குபவருக்கு அந்த முழுத் தொகையும் கிடைக்கிறது. காத்திருப்பும் முழுமையாக அவருடையதாகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் காத்திருப்பை எப்படிக் குறைப்பது, குறைக்க முடியாததை எப்படித் தாங்குவது என்பதைப் பற்றியவைதாம்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தனி நிறுவனம் எதையும் பதிவு செய்யாமல், தன் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்ய நினைக்கும் அனுபவமுள்ள மென்பொருளாளரை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பது நல்லது. நிரல் எழுதக் கற்றுக்கொள்வதை வீட்டிலிருந்தே செய்யலாம். பிறர் எழுதிய நிரலைத் திருத்துவதையும், காலக்கெடுவைக் கணிப்பதையும், கோபமாக இருக்கும் வாடிக்கையாளரோடு பேசுவதையும் குழுவில் இருந்துதான் கற்றுக்கொள்ள முடிகிறது. வரி தொடர்பான எண்கள் 2025-26 நிதியாண்டின் நிலவரப்படி தரப்பட்டுள்ளன. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே இங்குள்ள எண்களை ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

நியமனக் கடிதத்தையும் அதோடு கையெழுத்திட்ட மற்ற ஒப்பந்தங்களையும் எடுத்து முழுமையாகப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான நிறுவனங்கள், பணியில் இருக்கும் காலத்தில் வெளி வேலை எதையும் ஏற்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கும். மாலை நேரத்தில் சிறிய ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகச் சொல்லி 2022ஆம் ஆண்டில் விப்ரோ 300 ஊழியர்களைப் பணிநீக்கம் செய்ததாக அதன் தலைவர் பொது மேடையிலேயே அறிவித்தார். வேலையை விட்ட பின்பு இதே துறையில் தொழில் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் கண்டு பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் பழைய நிறுவனத்தின் மூலநிரலையும் ரகசியத் தகவல்களையும் எடுத்துச் செல்வது வேறு விஷயம்; அதற்கு எந்தச் சட்டமும் துணை வராது.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். தனிப்பட்ட பாலிசி எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ள பெற்றோரையும் பாலிசியில் சேர்ப்பவருக்கு இந்த மூன்று ஆண்டுகள் மிக நீண்டவை. எனவே வேலையை விடுவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே தனிப் பாலிசி எடுத்து வைப்பது சிறந்தது. அதற்கு அவகாசம் இல்லையென்றால், குழுக் காப்பீட்டை நடத்தும் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதியைப் பற்றி, வேலையில் இருக்கும்போதே மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டிருப்பதால் செலவு முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். அதாவது, நன்றாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பின்பும் கடனுக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். கிரெடிட் கார்டுக்கும் இதே கதைதான். வருங்கால வைப்பு நிதியை மட்டும் தொட வேண்டாம். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் வரி உண்டு என்பதோடு, பின்னாளில் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தால் யு.ஏ.என். எனப்படும் அதே வைப்பு நிதி எண்ணில் அது தொடரும்.

சேமிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். முதல் வாடிக்கையாளர் கிடைக்க ஒன்று அல்லது இரண்டு மாதம், வேலையை முடிக்க இரண்டு மாதம், இன்வாய்ஸ் அனுப்பிய பின் பணம் வர ஒன்றரை மாதம் என்று வைத்தால், முதல் பெரிய தொகை கைக்கு வருவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிடும். அந்த வாடிக்கையாளர் இழுத்தடித்தால் ஏழு. ஆகவே குடும்பச் செலவுக்கு எட்டு முதல் பத்து மாதங்களுக்கான தொகை தனியாக இல்லாமல் ராஜினாமாக் கடிதம் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருமணமாகாமல் பெற்றோர் வீட்டிலேயே இருப்பவருக்கு ஆறு மாதம் போதும். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் உள்ளவருக்கு ஒரு வருடமும் அதிகமில்லை.

இரண்டாம் படி: உங்கள் மணிநேரத்தின் விலையைக் கண்டறிதல்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து, அதன்மேல் கொஞ்சம் சேர்த்து ஒரு கட்டணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு மாதம் 80,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 9,60,000 ரூபாய் வருகிறது. விடுமுறைகள் போக 46 வாரங்கள், அதாவது 230 நாட்கள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 522 ரூபாய். 700 ரூபாய் கேட்டால் லாபம் என்று இப்போது தோன்றும்.

உண்மையான கணக்கு இதிலிருந்து வெகுதூரம் விலகிப் போகும். தனித்து இயங்குபவர் எல்லா நாட்களுக்கும் கட்டணம் வாங்க முடியாது. வாடிக்கையாளரைத் தேடுவது, மதிப்பீடு எழுதுவது, வராத பணத்தைக் கேட்பது, கணக்கு எழுதுவது, புதிய தொழில்நுட்பத்தைப் படிப்பது ஆகியவற்றுக்கு நேரத்தில் 40 விழுக்காடு வரை போய்விடும். எஞ்சும் 138 நாட்களில் நாளுக்கு ஆறரை மணி நேரம் கட்டணத்துக்குரிய வேலை நடந்தால் ஆண்டுக்குச் சுமார் 900 மணி நேரம் கிடைக்கும். மறுபக்கம், 9,60,000 ரூபாயோடு, இனிக் கிடைக்காத வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் ஈடாக 1,40,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 35,000, மடிக்கணினித் தேய்மானம், இணையம், இன்வெர்ட்டர், மென்பொருள் சந்தாக்கள் ஆகியவற்றுக்கு 85,000, ஆடிட்டருக்கும் வங்கிக் கட்டணங்களுக்கும் 30,000 என்று சேர்த்தால் 12,50,000 ரூபாய் ஆகிறது. வராமல் போகும் பணத்துக்கும் வேலை இல்லாத மாதங்களுக்கும் பத்து விழுக்காடு ஒதுக்கினால் 13,75,000. இதை 900ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 1,530 ரூபாய் வரும். பழைய வாழ்க்கைத் தரத்தைத் தக்கவைத்துக்கொள்ளவே சம்பளத்தின் மணிவிகிதத்தைப் போல மூன்று மடங்கு கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வரும் தொகையைக் கேட்க வாய் கூசினால், இன்னும் சில மாதங்கள் வேலையிலேயே இருந்து, அந்தத் தொகையைத் தரக்கூடிய வாடிக்கையாளர் யார் என்று தேடுவதே உகந்தது.

நம்மூர்ச் சிறு நிறுவனங்கள் மணிக்கணக்கில் பேசுவதை விரும்புவதில்லை; மொத்தமாக எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அப்படியானால் மணிநேரக் கணக்கை உங்களுக்குள் வைத்துக்கொண்டு, மதிப்பிட்ட நேரத்தை ஒன்றரை மடங்காக்கி மொத்தத் தொகையைச் சொல்லலாம். தேவைகள் தெளிவாக இல்லாத வேலைக்கு மொத்தத் தொகை பேசவே கூடாது. அங்கே முதலில் தேவைகளை எழுதித் தருவதையே ஒரு சிறு கட்டண வேலையாக்கிச் செய்து, அதன் பிறகு மதிப்பீடு கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

மூன்றாம் படி: வாடிக்கையாளரைத் தேடுதல்

தனித்து இயங்குபவருக்கான இணையதளங்களில் கணக்குத் தொடங்கிக் காத்திருப்பதுதான் முதல் வழி என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே வேலை கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் உலகெங்கும் உள்ளவர்களோடு விலைப்போட்டியில் இறங்க வேண்டும், தளத்துக்கும் பங்கு தர வேண்டும். ஃபைவர் தளம் ஒவ்வொரு பணியின் வருவாயிலும் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. சிறிய நிரல்துண்டு, ஒரு பக்க இணையதளம் போன்ற எளிய வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு வாடிக்கையாளர்களே செய்துகொள்ளத் தொடங்கிவிட்டதால், அந்த அடிமட்டப் போட்டியில் புதிதாக நுழைவதை நான் பரிந்துரைப்பதில்லை.

முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் உங்களை ஏற்கெனவே அறிந்தவராக இருப்பார். வேறு நிறுவனத்துக்குப் போன பழைய சக ஊழியர், உங்களோடு படித்துவிட்டு அப்பாவின் தொழிலைக் கவனித்துக்கொள்பவர், தெரிந்த ஆடிட்டர் ஆகியோரிடம், என்ன வேலை செய்து தர முடியும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி வைக்க வேண்டும். அந்த வாக்கியம் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெப்சைட், ஆப் எல்லாம் செய்து தருவேன் என்று சொன்னால் யார் நினைவிலும் நிற்காது. ஒரு எடுத்துக்காட்டு: ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற தொழில் நிறுவனங்களுக்கு விற்கும்போது அரசின் தளத்தில் பதிவாகும் மின்னணு இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டேலி போன்ற மென்பொருளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருளை இன்னும் பயன்படுத்துகிற ஒரு திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்துக்கோ கோவை பம்ப்செட் ஆலைக்கோ, அந்தப் பழைய மென்பொருளை அரசின் தளத்தோடு இணைத்துத் தரும் ஆள் தேவை. எழுதிய ஆள் ஊரைவிட்டே போயிருப்பார். இப்படிப்பட்ட ஒரு குறிப்பிட்ட சிக்கலைத் தீர்ப்பவர் என்று பெயர் எடுத்தால், ஆடிட்டர்களே ஆள் அனுப்பி வைப்பார்கள்.

உள்ளூர் வாடிக்கையாளருக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் உள்ள வித்தியாசத்தையும் எடைபோட வேண்டும். வெளிநாட்டவர் தரும் தொகை பல மடங்கு இருக்கும். தேவைகளை எழுதித் தருவார்கள். பெரும்பாலும் சொன்ன தேதியில் பணம் அனுப்புவார்கள். ஆனால் நியூயார்க்கில் கோடைக்காலத்தில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் இங்கே இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. குழந்தைகள் உள்ள வீட்டில் மாலை நேரம் முழுவதும் அடைபட்ட அறைக்குள் போய்விடும். உள்ளூர் வாடிக்கையாளரை நேரில் போய்ப் பார்க்கலாம், தொழிலைக் கண்ணால் கண்டு புரிந்துகொள்ளலாம், ஒருவர் மூலம் அடுத்தவர் கிடைப்பார். அங்கே சிக்கல் வேறு வடிவத்தில் வரும். வேலை முடிந்த மறுநாளே, "தம்பி, சின்ன மாற்றம்தான், பார்த்துப் போட்டுக் குடுத்துருங்க" என்று அன்பாகத்தான் தொடங்கும். அந்தச் சின்ன மாற்றங்களிலேயே லாபம் முழுவதும் கரைந்த வேலைகள் ஏராளம்.

இரண்டு வகையிலும் வகைக்கு ஒருவரையாவது வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. மொத்த வருவாயில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், நீங்கள் இன்னும் ஊழியர்தான்; சலுகைகள் மட்டும் இல்லை.

நான்காம் படி: எழுத்தில் ஒப்பந்தம்

தெரிந்தவர் என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் வேலை தொடங்குவது நம்மிடையே வழக்கம். தெரிந்தவர் என்பதாலேயே அது தேவைப்படுகிறது, ஏனெனில் பின்னால் பணத்தைப் பற்றிப் பேசுவது அவரிடம்தான் கடினம். முத்திரைத்தாளில் இருந்தால்தான் செல்லும் என்ற எண்ணமும் தவறு. நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய நிபந்தனைகளுக்கு அவர் சம்மதம் என்று பதில் எழுதினாலே ஒப்பந்தம் உருவாகிவிடும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவில் மின்னணு ஒப்பந்தங்களுக்கு அந்த மதிப்பைத் தருகிறது.

இரண்டு மூன்று பக்கங்களில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். செய்து தரப்போவதன் பட்டியலோடு, செய்து தராதவற்றின் பட்டியலும் இருக்க வேண்டும். பின்னது முன்னதைவிட முக்கியம். தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அட்வான்ஸ், மீதி இரண்டு அல்லது மூன்று கட்டங்களாக. அட்வான்ஸ் வந்த பின்பே வேலை தொடங்கும் என்ற வாக்கியம். ஒவ்வொரு கட்டத்தையும் ஒப்படைத்த ஏழு நாட்களுக்குள் குறை எதுவும் சொல்லாவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற நிபந்தனை. இது இல்லாவிட்டால், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்ற பதிலோடு மாதங்கள் ஓடும். முடித்த பின் 30 நாட்கள் வரை பிழைகளை இலவசமாகத் திருத்தலாம். புதிய தேவைகளுக்குத் தனிக் கட்டணம். டொமைன், சர்வர், ஆப் ஸ்டோர்க் கணக்கு ஆகியவை தொடக்கத்திலிருந்தே வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய கார்டில் இருக்கட்டும். அவற்றை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு பிடிமானமாகப் பயன்படுத்தலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அது நம்பிக்கையைக் கெடுப்பதோடு, ஒருவர் புதுப்பிக்க மறந்தால் பழியும் உங்கள்மீதே விழும்.

பிடிமானம் வேறு இடத்தில், சட்டத்திலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் பணியின் ஒரு பகுதியாக எழுதிய நிரல் பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். ஆனால் தனித்து இயங்கும் ஒப்பந்தக்காரர் எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் பொதுவாக அவரேதான். எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தந்தால்தான் அந்த உரிமை வாடிக்கையாளருக்குப் போகும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கும் மட்டுமே அந்த மாற்றம் செல்லும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூலநிரலின் உரிமை நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும் வாடிக்கையாளருக்கு மாறும் என்று எழுதிவிடுங்கள். அவருக்குத் தெளிவான உரிமை கிடைக்கிறது. உங்களுக்குப் பணம் வரும்வரை பாதுகாப்பு கிடைக்கிறது. பல ப்ராஜெக்ட்களில் பயன்படுத்தும் உங்கள் பொதுவான நிரல்தொகுப்புகளை மட்டும் இதிலிருந்து விலக்கி, அவற்றைப் பயன்படுத்தும் அனுமதியைத் தரலாம்.

ஐந்தாம் படி: வரியும் பதிவுகளும்

தனித்து இயங்குவதன் மிகப்பெரிய பண ஆதாயம் இங்கே இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட குறிப்பிட்ட தொழில்களைச் செய்பவர்கள் தங்கள் மொத்த வரவில் 50 விழுக்காட்டையோ அதற்கு மேலோ லாபமாகக் காட்டி வரி கட்ட அனுமதிக்கிறது. விரிவான கணக்குப் புத்தகங்கள் தேவையில்லை. ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வந்தது 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை போகலாம். 2025-26இல் புதிய வரி முறையின் கீழ் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரி ஏதும் இல்லை என்பதால், ஆண்டுக்கு 24 லட்சம் வரவுள்ள ஒருவர் பாதியை லாபமாகக் காட்டினால் வருமான வரியே கட்ட வேண்டியதில்லாமல் போகலாம். அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குபவர் கணிசமான வரி கட்டுகிறார்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வங்கி உங்கள் வரிக் கணக்கில் உள்ள லாபத்தைத்தான் வருமானமாகப் பார்க்கும். பாதியை மட்டும் காட்டியவருக்குக் கடன் தகுதியும் பாதியாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு வாங்கும் திட்டம் இருப்பவர், உண்மையான லாபம் அதிகமாக இருக்கும்போது அதைக் காட்டி வரி கட்டிவிடுவதே மேல்.

இந்திய நிறுவனங்கள் தொழில்சார் கட்டணத்தில் 194ஜே பிரிவின் கீழ் 10 விழுக்காட்டை டி.டி.எஸ். என்று பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இது பொருந்தும். ஒரு லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டால் கைக்கு 90,000 வரும். மீதி, வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை காத்திருக்கும். பிடித்ததை அவர்கள் உங்கள் பான் எண்ணில் கட்டிவிட்டார்களா என்பதை 26ஏஎஸ் படிவத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 44ஏடிஏ முறையில் இருப்பவர்கள், கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால், முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் தொழில்வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொகை சிறியது, சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

ஜி.எஸ்.டி. பதிவு, சேவை வழங்குபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது கட்டாயமாகிறது. பிற மாநில வாடிக்கையாளர்கள் இருந்தாலும் இதே வரம்புதான். பதிவு செய்த பின் 18 விழுக்காடு வசூலித்துக் கட்ட வேண்டும். பதிவு பெற்ற நிறுவனங்கள் அதை உள்ளீட்டு வரியாக ஈடுசெய்துகொள்ளும் என்பதால் அவர்களுக்கு வலிக்காது. பதிவில்லாத சிறு கடைக்காரருக்கு அது நேரடி விலையேற்றம். ஆகவே யார் உங்கள் வாடிக்கையாளர்கள் என்பதைப் பார்த்தே வரம்புக்குக் கீழே இருக்கும்போது பதிவு செய்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டவருக்குச் செய்யும் வேலை ஏற்றுமதியாகக் கருதப்படும். பதிவு பெற்றவர் எல்.யு.டி. எனப்படும் உறுதிக் கடிதத்தை ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தாக்கல் செய்துவிட்டால், அதற்கு வரி வசூலிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணம் வரும்போது, அது எதற்காக வருகிறது என்பதைக் காட்ட வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டுக்கு, மென்பொருள் ஆலோசனைக்குரிய பி0802 பொருந்தும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடமிருந்து சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஆறாம் படி: பணத்தை வசூலித்தல்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் செய்யாமல் முதல் இன்வாய்ஸை அனுப்பாதீர்கள். மத்திய அரசின் இணையதளத்தில் ஆதாரையும் பான் எண்ணையும் கொண்டு இலவசமாகச் செய்யலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவரும் குறுநிறுவனமாகப் பதிவாகலாம். இதன் பயன் 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். இதற்கென உள்ள மத்திய அரசின் இணையதளத்தில் புகார் அளித்தால் அது மாநிலத்தின் குறு, சிறு நிறுவன வசதி மன்றத்துக்குப் போகும். மேலும், இந்தக் காலக்கெடுவைத் தாண்டித் தரப்படும் தொகையை, தந்த ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும் என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 2024 ஏப்ரல் முதல் சேர்க்கப்பட்ட விதி சொல்வதால், மார்ச் மாதத்தில் வாடிக்கையாளரின் ஆடிட்டரே பாக்கியைத் தீர்க்கச் சொல்லி நெருக்குவதைப் பார்க்கலாம். இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டு வைத்தாலே பல இடங்களில் இழுத்தடிப்பு குறைகிறது.

புகாருக்குப் போவது கடைசி வழி. போன பின் அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். அதற்கு முன் செய்ய வேண்டியவை எளிமையானவை. வேலை முடிந்த அன்றே இன்வாய்ஸ் அனுப்புவது, கெடுவுக்கு மூன்று நாள் முன் நினைவூட்டுவது, உரிமையாளரிடம் கேட்டுக் கூச்சப்படுவதற்குப் பதிலாகக் கணக்குப் பிரிவில் இருப்பவரின் எண்ணை முதலிலேயே வாங்கி அவரிடம் பேசுவது, முந்தைய கட்டத்தின் தொகை வராமல் அடுத்த கட்டத்தைத் தொடங்காமல் இருப்பது.

வசூல் சிக்கலுக்கு நிரந்தர மருந்து மாதப் பராமரிப்பு ஒப்பந்தம்தான். முடித்துக் கொடுத்த மென்பொருளைக் கவனித்துக்கொள்ள, மாதத்துக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு தொகை, முன்பணமாக என்று பேசிவிட்டால், அந்தச் சின்ன மாற்றங்களும் கட்டண வேலைக்குள் வந்துவிடும். மாதம் 15,000 ரூபாய் தரும் நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தால் வீட்டுச் செலவின் பெரும்பகுதி நிலையாகக் கிடைக்கும். புதிய வேலைகளைப் பொறுக்கி எடுக்கும் தெம்பும் அதிலிருந்துதான் வருகிறது. தனித்து இயங்குவதில் உள்ள சுதந்திரம் என்று சொல்லப்படுவது, என் கணிப்பில், இந்த நிலையான தொகை உருவான பிறகே தொடங்குகிறது.

ஏழாம் படி: அன்றாட ஏற்பாடுகள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல்வரை மின்சாரம் நிற்கும் நாளை நாளிதழில் பார்த்து, அன்று கூட்டம் எதையும் வைக்காமல் இருப்பது. வாடிக்கையாளரின் பயனர்த் தகவல்களை உங்கள் மடிக்கணினியில் சேமிக்காமல் அவருடைய சர்வரிலேயே வைத்திருப்பது. சென்னையின் பைத்தான் பயனர் குழு, லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றின் கூட்டங்களுக்கு அவ்வப்போது போய் வருவது. தனிமை குறைவதோடு, ஒருவரால் முடியாத வேலை இன்னொருவருக்குக் கைமாறுவதும் அங்கேதான். காய்ச்சலோ குடும்ப நிகழ்ச்சியோ வந்தால் சில நாட்களுக்கு உங்கள் இடத்தில் பதில் சொல்லக்கூடிய இன்னொரு மென்பொருளாளரோடு பரஸ்பர உடன்பாடு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயரை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எட்டாம் படி: ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தல்

முதல் நிதியாண்டு முடிந்ததும் மூன்று எண்களை எடுத்துப் பாருங்கள்: கட்டணம் வாங்கிய மணிநேரம் எத்தனை, இன்வாய்ஸ் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் இடையே சராசரியாக எத்தனை நாள், மிகப்பெரிய வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு. மணிநேரம் 600க்குக் கீழே இருந்தால் தேடலிலோ தேர்ந்தெடுத்த துறையிலோ குறை இருக்கிறது. இடைவெளி 45 நாளைத் தாண்டினால் அட்வான்ஸை உயர்த்த வேண்டும், அல்லது மிகத் தாமதமாகத் தருபவரை விட்டுவிட வேண்டும். எண்கள் நன்றாக இருந்தால் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கட்டணத்தை உயர்த்திப் பாருங்கள்; மதிப்பீடு கேட்ட எல்லோரும் உடனே சம்மதிக்கிறார்கள் என்றால் குறைவாகக் கேட்கிறீர்கள் என்று பொருள்.

இரண்டாம் ஆண்டிலும் எண்கள் தேறாவிட்டால் மீண்டும் வேலைக்குப் போவதில் தடையில்லை. இடைப்பட்ட காலத்துக்குச் சான்று என்ன என்று நேர்காணலில் கேட்பார்கள். அதற்காகத் தொடக்கத்திலிருந்தே ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், 26ஏஎஸ் படிவங்கள், வரிக் கணக்குகள் ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் லெட்டர்ஹெட்டில், என்ன செய்து தந்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு நான்கு வரிக் கடிதம் ஒன்றை, உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.